முடிவை முதலில் எழுதுகிறவர்

கரும்பலகையில் ஒரு பரிசோதனையை எல்லா ஆசிரியர்களும் மேலே இருந்துதான் எழுதத் தொடங்குவார்கள். அவர் குனிந்து, கடைசி வரியிலிருந்து தொடங்குவார். "முடிவு" என்று எழுதி அடியில் கோடு போட்டு, அதற்கு எதிரே விடையையும் எழுதிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். அதற்கு மேலே அவதானம். அதற்கும் மேலே செய்முறை. அதற்கு மேலே தேவையான பொருட்கள். கடைசியாக, கால் விரலில் எக்கி நின்று, பலகையின் உச்சியில் நோக்கம்.

"முடிவு தெரிஞ்சா போதும். மத்ததெல்லாம் தானா வந்து ஒக்காந்துக்கிரும்" என்பார்.

அவர் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆசிரியர், எங்களுக்கு விஞ்ஞான சேர். நான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்தவள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. என் மகளின் பெயரை அவர் ஒரு தாளில் எழுதி அசிங்கப்படுத்தினார். அவர் பெயரை எழுதி நாலு பேரை வாசிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. சேர் என்று சொல்கிறேன். அந்த மரியாதையே அதிகம்.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. எஹலியகொட பஸ்ஸில் வந்து பெரிய ரோட்டில் இறங்கி, ரப்பர் மலை ஊடாக நடந்து ஏறுவார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் பூசியிருப்பார். பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "இன்னைக்கி பஸ் வராது" என்று முடிவு பண்ணிவிடுவார். பண்ணிவிட்டால் நடக்கத் தொடங்கிவிடுவார். கொஞ்ச தூரத்தில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். மறுநாள் ரப்பர் பால் வெட்டும் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

"சேர், நேத்து பஸ் வந்திச்சே, நீங்க ஏன் நடந்து போனீங்க?"

"அது வேற பஸ்" என்பார். சிரிக்கமாட்டார்.

பள்ளிக்கூட முற்றத்தில் மழை அளக்கிற ஒரு தகரக் குழல் நட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் திறந்து, எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பார்த்து, சுவரில் இருக்கும் அட்டவணையில் எழுதவேண்டும். சேர் திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதிவிடுவார். நான் ஒருநாள் குழலைக் கழுவத் திறந்தேன். உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இரத்தினபுரி மாவட்டத்துல மழை பெய்யலன்னு சொன்னா எவன் நம்புவான்? போ, போய் வேலையப் பாரு" என்றார்.

அந்த வருடம் நல்ல வெயில் காய்ந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் குழாயில் தண்ணீர் நின்றுபோய், ஓடையில் குழி தோண்டித் தண்ணீர் எடுத்தோம். சுவரில் மட்டும் ஒழுங்காக மழை பெய்துகொண்டிருந்தது. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஐயா அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, ரொம்ப நேர்த்தி என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேன். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் மகள் மலர் அவர் வகுப்பில் இருந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பரிசோதனையை எப்படி எழுதவேண்டும் என்று எனக்குச் சொன்னது மலர்தான். அடுப்படியில் நான் ரொட்டி சுடும்போது பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பாள்.

"அம்மா, அவதானம்னா கண்ணால பாத்தது, காதால கேட்டது, கையால தொட்டுப் பாத்தது. முடிவுன்னா அத வச்சு நம்ம சொல்றது. அவதானத்துல இல்லாத ஒண்ணு முடிவுல வரவே கூடாது. புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அப்ப ஒங்க சேர் ஏன் கீழ இருந்து எழுதுறாரு?"

"அவரு அப்படித்தான்" என்று சிரிப்பாள்.

இலையில் மாச்சத்து இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை ஒன்று. இலையை அவித்து, ஸ்பிரிட்டில் போட்டு வெளுக்க வைத்து, அயடின் சொட்டினால் கருநீலமாகவேண்டும். சேர் கருநீலம் என்று ஏற்கனவே எழுதிவிட்டார். பிள்ளைகளும் எழுதிவிட்டார்கள். பிறகுதான் அயடினைச் சொட்டினார். நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இலை நீலமாகவில்லை, பழுப்பாகத்தான் இருந்தது.

"சேர், கோப்பிக் கலரா இருக்கு" என்றாள் மலர்.

"நீலம்."

"இல்லீங்க சேர், கிட்ட வந்து பாருங்களேன்."

"ஏய், புத்தகம் எழுதுனவனுக்குக் கண்ணு தெரியல, ஒனக்குத்தான் தெரியுதோ? சொல்லுங்கடா, என்னா கலர்?"

"நீலம் சேர்" என்று வகுப்பே கத்தியது. மலர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் தன் பாடக் கொப்பியில் கோப்பி நிறம் என்றுதான் எழுதினாள். சேர் சிவப்புப் பேனாவால் அதை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து அவள் அவருக்கு ஒரு முள்.

அவரிடம் நல்லது ஒன்றும் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் நானும் அவர் மாதிரி ஆகிவிடுவேன். பரீட்சை நெருங்கினால் பின்னேரங்களில் நின்று சும்மா படிப்பித்துவிட்டுப் போவார். ஒரு சதம் வாங்கமாட்டார். கடைசி பஸ்ஸும் போய், மழையில் நடந்து போவார். ஒருதரம் பள்ளிக்கூட அதிபர் கேட்டார், பிள்ளைகளை ஒருதரமாவது செய்துபார்க்க விட்டால் என்ன என்று.

"சேர், கொழும்புப் புள்ளைங்களுக்கு செஞ்சு பாக்க நேரம் இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு அந்த நேரம் கெடையாது. விடைய மனப்பாடம் பண்ணிட்டுப் போனாத்தான் பாஸ் பண்ணுவாங்க" என்று அதிபருக்குச் சொன்னார்.

அப்படிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நான் காதால் கேட்டேன். எங்கள் பிள்ளைகள் மேல் அவருக்கு அக்கறை இருந்தது. அந்த அக்கறையையும் சேர்த்துத்தான் நான் வெறுக்கிறேன். அக்கறை இருக்கிற ஆளுக்கு என் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்கத் தெரியவில்லையே.

தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று பார்க்கிற பாடம் வந்தது. ஆய்வுகூடத்து வெப்பமானியை வேறு பள்ளிக்கூடம் இரவல் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. சேர் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், மருந்துக்காரரிடம் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தார்.

காலையிலிருந்து மழை. பிள்ளைகள் எல்லாரும் நனைந்துதான் வந்திருந்தார்கள். சேர் கண்ணாடி முகவையில் தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, வெப்பமானியை நூலில் கட்டித் தாங்கியில் தொங்கவிட்டார். அவரே கட்டினார், அவரே தண்ணீருக்குள் இறக்கினார். பிறகு பலகைக்குப் போய்க் குனிந்தார். முடிவு: நீர் நூறு பாகையில் கொதிக்கும். அவதானம்: வெப்பமானி நூறு பாகையைக் காட்டியது.

"எல்லாரும் எழுதுங்க. நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாரேன்."

எல்லாரும் தலையைக் குனிந்து கொப்பியில் எழுதினார்கள். மலர் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நூறு வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்திருக்கிறாள். நான் வெளி விறாந்தையில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

"அம்மா!" என்று மலர் கத்தினாள்.

உள்ளே ஓடினேன். வெப்பமானி அடியில் பிளந்து, முகவையின் அடியில் வெள்ளி உருண்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. விளக்கை ஊதி அணைத்துவிட்டு முகவையைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற சூடுதான். தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

சேர் வந்தார். வாசலில் குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை. மேசையைப் பார்க்கவுமில்லை. மலரைப் பார்த்து, "நீதான்" என்றார்.

டிஸ்பென்சரிச் சாமான் அல்லவா, அதிபர் உடனே சேரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னேரம் மருந்துக்காரர் வந்து சேரிடம் கத்திவிட்டுப் போனார். மறுநாள் மலரையும் என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, சேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிபர் அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"நோக்கம்: வெப்பமானி உடைந்த காரணத்தை அறிதல். செய்முறை: மாணவி மலர் விசாரிக்கப்பட்டாள். அவதானம்: மாணவியின் கை ஈரமாக இருந்தது. மாணவி அழுதாள். முடிவு: மாணவி அனுமதியின்றித் தொட்டதால் வெப்பமானி உடைந்தது."

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எப்படியோ பிடுங்கிக்கொண்டு பேசினேன்.

"சேர், எல்லாப் புள்ளைங்க கையும்தான் ஈரம். மழையில்ல. கட்டித் தொங்கவுட்டது விஞ்ஞான சேர்தானுங்க. எம் மக தொடல. நான் வெளியதான் இருந்தேன். சத்தம் கேட்டிச்சு."

"ஒடஞ்சத கண்ணால பாத்தீங்களா?" என்றார் அதிபர்.

"பாக்கல. சத்தந்தான்..."

"சத்தம் அவதானம் இல்ல" என்றார் சேர், என்னைப் பார்க்காமலே.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "சின்னப் புள்ள சேர், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். பால் வெட்டுகிற மனிதர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மலர் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தண்டனை பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். காலைக் கூட்டத்தில் முன்னால் வந்து, நான்தான் உடைத்தேன், மன்னிக்கவேண்டும் என்று வாசிக்கவேண்டும். அவ்வளவுதான். தாளைக்கூட சேரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

"செய்யாதத செஞ்சேன்னு எப்படிம்மா வாசிக்கிறது?" என்றாள் மலர்.

"ஒரு நிமிசம்தானே புள்ள. வாசிச்சுட்டு விட்டுத் தொலை" என்றார் அவள் அப்பா.

"நீங்க வேணும்னா போய் வாசிங்கப்பா. நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க."

அன்றைக்கு அப்பாவும் மகளும் பேசாமல் விட்டது, வெகுநாள் நீண்டது. மலர் பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் அவளைத் தள்ளவில்லை. கையில் அந்தத் தாளோடு அவளை அங்கே அனுப்ப எனக்கு முடியவில்லை. ஓ.எல். என்கிற அரசாங்கப் பொதுப்பரீட்சை அவள் இல்லாமல் நடந்தது. தாதியாகப் படிக்கவேண்டும் என்று சொன்னவள், அவிசாவளைப் பக்கம் கார்மென்ட் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனாள்.

நான் மட்டும் அந்த ஆய்வுகூடத்தைத் தொடர்ந்து கூட்டினேன். வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஆனால் சும்மா கூட்டவில்லை. அவர் மேசையை மட்டும் நன்றாக நனைந்த துணியால் துடைத்துவிட்டுக் காயவிடாமல் போவேன். அவர் திருத்துகிற கொப்பிகளெல்லாம் மேசையில் ஒட்டிக்கொள்ளும். மட்டை பிய்ந்து வரும். அவர் உட்காருகிற கதிரையின் ஒரு காலுக்குக் கீழே வைத்திருந்த அட்டைத்துண்டை எடுத்துவிட்டேன். அது நாளெல்லாம் ஆடும். அவருடைய தேத்தண்ணிக்கு மட்டும் அடுப்பிலே வெகுநேரம் கிடந்த தேயிலைச் சாயத்தை ஊற்றுவேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

ஒருநாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. மேசை ஈரத்துக்கு "கூரை ஒழுகுது" என்று முடிவு பண்ணிவிட்டார். கதிரைக்கு "தரை மேடு பள்ளம்". தேத்தண்ணிக்கு "தோட்டத்துத் தூளு, அப்படித்தான் இருக்கும்". கூரையைப் பார்க்க ஓர் ஆளைக்கூட வரவழைத்தார். அந்த ஆள் ஏறி, எங்கேயும் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினான். சேர் நம்பவில்லை. எனக்கு உள்ளுக்குள்ளே இனித்தது. ஆனால் ஆடுகிற கதிரையால் என் மகளின் பெயர் சுத்தமாகுமா? வீட்டுக்கு வந்தால் அவளுடைய விஞ்ஞானக் கொப்பி பெட்டியில் கிடக்கும். அதைப் பார்த்தால் இனிப்பெல்லாம் போய்விடும்.

தோட்டத்தில் அந்தப் பேச்சு லேசில் ஓயவில்லை. மலர் லீவில் வந்தால், யாராவது ஒரு கிழவி, "தேர்மோமீட்டர ஒடச்ச புள்ளதானே இது" என்று அன்பாகத்தான் கேட்பாள். கலியாணம் பேசி வந்தவர்களுக்கும் அதை யாரோ சொல்லியிருந்தார்கள். உடைத்ததற்காக இல்லை, உடைத்துவிட்டு ஒத்துக்கொள்ளாத பெண் என்று. அந்த இடம் தட்டிப்போனது. பிறகு வேறு நல்ல இடம் அமைந்தது, அது வேறு. ஆனால் எனக்கு வேண்டியது அது அல்ல. அந்தத் தாளில் எழுதியது பொய் என்று அவர் வாயால் வரவேண்டும். மலரை எங்கே நிற்கவைத்துச் சொல்லவைக்கப் பார்த்தாரோ, அங்கே வரவேண்டும்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடை வைத்தார்கள். எனக்கும் வேலை முடிந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. தேத்தண்ணி ஊற்ற ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். மாலை, பொன்னாடை, பொங்கல், வடை. மலரோடு படித்த யோகன் இப்போது த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். பழைய மாணவர் சார்பில் அவனைப் பேசவிட்டார்கள். அவனுக்குச் சிரிக்கவைக்கத்தான் தெரியும்.

"எங்க சேர் பெரிய விஞ்ஞானி. தண்ணி நூறு பாகையில கொதிக்கும்னு உலகத்துல எல்லாரும் தேர்மோமீட்டர் வச்சுக் கண்டுபிடிச்சாங்க. எங்க சேர் தேர்மோமீட்டர் ஒடஞ்ச பெறகும் நூறுன்னு கண்டுபிடிச்சாரு. நாங்கெல்லாம் எழுதிட்டோம். எனக்கு அதுக்கு சரி கூடப் போட்டாரு!"

மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் தேத்தண்ணித் தட்டம். 

"கொதிக்கல" என்றேன்.

நான் பேசினேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"தண்ணி கொதிக்கவே இல்ல. நான் தொட்டுப் பாத்தேன். கை பொறுக்குற சூடுதான். அதுக்குள்ள ஒடஞ்சிருச்சு. காய்ச்சல் பாக்குற சாமான் அது."

புதிதாக வந்திருந்த விஞ்ஞான மிஸ், சின்னப் பெண், வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவியாகக் கேட்டாள்.

"காய்ச்சல் பாக்குறதா? அத எப்படிம்மா கொதிக்கிற தண்ணிக்கு வச்சாங்க? அது நாப்பத்திரண்டுக்கு மேல போகாது. யாரும் தொடாமலே வெடிச்சிருமே."

நான் எத்தனையோ வருடம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை வடையைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். யாரும் தொடாமலே. நான் தட்டத்தைக் கீழே வைத்தேன். யோகன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப மலர் ஒடைக்கல?" என்றான், ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்காமலே. மண்டபம் முழுக்கக் கேட்டது.

சேர் பொன்னாடையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் பழைய கதை" என்றார். பொங்கலைத் தொடவில்லை.

அதன்பிறகு அவரால் கடைவீதிக்கு வரமுடியவில்லை. த்ரீவீல் நிறுத்தத்துப் பையன்கள் அவருக்கு "நூறு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நூறு வாராரு, வழி விடு." "நூறு, எங்க ஏறணும்?" சிங்களப் பையன்களும் பழகிக்கொண்டு, தங்கள் பாஷையில் "சீய மாத்தயா", நூறு ஐயா, என்று கூப்பிடத் தொடங்கினார்கள். யோகன் வந்து என்னிடம் சொல்லும்போது, பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான். எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் சொல்லு என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

ஒருநாள் பின்னேரம் அவரே எங்கள் லயத்துக்கு வந்தார். வாசல்படியில் நின்று குடையை மடக்கினார். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"அம்மா, நடந்தத மறந்துருங்க" என்றார்.

"என்கிட்ட என்ன இருக்குங்க. மகள்கிட்ட சொல்லுங்க."

"மலர் எப்ப வரும்?"

"தெரியாதுங்க."

தீபாவளிக்கு வருவாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இன்னொருதரம் ஏறி வரட்டும் என்று இருந்தேன். மூன்று நான்கு தரம் ஏறி வந்தார். ஒவ்வொருதரமும் தெரியாதுங்க என்றேன். கடைசியில் தீபாவளிக்கு மறுநாள் வந்தார். மலர் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டாள்.

அவள் இப்போது கார்மென்டில் உடுப்புச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். தையலில் நூல் பிசகினால் கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்தக் கண்ணோடு அவரைப் பார்த்தாள்.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்" என்றார் சேர்.

"அது வேணாங்க சேர். எழுதிக் குடுங்க."

"என்னா எழுத?"

"அறிக்கைதான். ஒங்களுக்குத் தெரியாததா?"

தன் மகனுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து முன்னால் வைத்தாள். சேர் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தார். எடுத்த கை தானாகத் தாளின் அடிக்குப் போனது. மலர் தாளின் உச்சியில் விரலை வைத்தாள்.

"மேல இருந்து, சேர்."

நோக்கம் எழுதினார். பொருட்கள் எழுதினார். செய்முறையில், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை நானே நூலில் கட்டி நீரில் இறக்கினேன் என்று எழுதினார். அவதானம் என்று எழுதி, கோடு போட்டார். பேனா நின்றுவிட்டது. அடுத்த லயத்தில் பட்டாசு வெடிக்கிற சத்தம். 

"எழுதுங்க."

"நான் அந்த நேரம் அங்க இல்லியே மலர்."

"அப்ப அதத்தான் எழுதணும்."

எழுதினார். நான் அங்கு இருக்கவில்லை. எதையும் காணவில்லை.

"கை ஈரமா இருந்திச்சே?"

"மழை. எல்லார் கையும்..." என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "சேர், அது சுடுதண்ணியில வைக்கக்கூடாத சாமான்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. "மருந்துக்காரர் வந்து கத்துனாருல்ல, அப்பவே சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"அதுக்குள்ள எழுதிட்டேன். அதிபர்கிட்டயும் குடுத்துட்டேனே."

எழுதியாயிற்று, பிறகு எப்படி மாற்றுவது என்கிற மாதிரி, அது எங்களுக்கும் புரியும் என்கிற மாதிரி சொன்னார். மலர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தேன். அவருக்கு ஊற்றவில்லை.

முடிவையும் எழுதினார். வெப்பமானி உடைந்தது என்னால். மாணவி மலர் உடைக்கவில்லை. எழுதி, கையொப்பம் வைத்து, அவளிடம் நீட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று எழும்பினார்.

"இத நீங்களே வச்சுக்குங்க சேர்" என்றாள் மலர். "திங்கட்கிழமை காலைக் கூட்டத்துல வாசிங்க. என்னய வாசிக்கச் சொன்னீங்கள்ல, அந்த எடத்துல நின்னு."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது குடையை எடுக்க மறந்துவிட்டார். நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்துப் போட்டிருந்தார். புது அதிபரிடம் யோகன் முன்பே பேசி வைத்திருந்தான். மலருக்கு லீவு இல்லை. வேலை தொடங்குமுன் ஃபோனில் இரு என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். நான் ஓரத்தில் நின்று, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சேர் தாளை விரித்தார். நோக்கம் முதல் வாசித்தார். அவதானம் வரும்போது குரல் இறங்கிவிட்டது. முடிவையும் வாசித்தார். பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் கை தட்டினார்கள். அவர் தாளை மடிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்தார். நான் ஒரு தலையசைப்பாவது கொடுப்பேன் என்று காத்திருந்தார்.

ஃபோனைக் காதில் வைத்தேன்.

"கேட்டிச்சா புள்ள?"

"மெஷின் சத்தத்துல சரியா கேக்கலம்மா" என்றாள் மலர்.

அவள் பக்கத்தில் ஒரு மெஷின் சத்தமும் இல்லை. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

அவ்வளவு பிள்ளைகள், அவ்வளவு ஆசிரியர்கள். அப்படியும் வரிசையைத் தாண்டி, நடு முற்றத்துக்குப் போய், அவருக்கு முன்னால் நின்றேன்.

"சேர், மகளுக்குக் கேக்கலயாம்" என்றேன். "இன்னொரு தடவ வாசிங்க. சத்தமா."

அவர் தாளைத் திரும்ப விரித்தார்.